படத்தைத் திறப்பதற்கு முன்: கோப்புகளை அடுக்குதல், ஜிம்பை அமைத்தல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் விசேஷங்களுக்குப் படம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் இந்த அழைப்பு வரும். "தம்பி, அப்பா தவறிட்டாரு. மூணு வருசத்துக்கு முன்னால பாப்பா காதுகுத்துல நீங்க எடுத்த படம் இருக்கும்ல, வெள்ளைச் சட்டை போட்டு உக்காந்திருப்பாரு. விடியுறதுக்குள்ள பிளக்ஸ் அடிக்கணும்." அந்த நேரத்தில் உங்களுக்கு ஜிம்ப் எவ்வளவு தெரியும் என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் படம் எங்கே இருக்கிறது, கேமராவில் எடுத்த அசலா, வாட்ஸப்பில் போய்ச் சுருங்கி வந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

அதனால்தான் வெட்டுவது, நிறம் திருத்துவது, பின்னணியை நீக்குவது எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த அத்தியாயத்தை வைத்திருக்கிறேன். முதலில் அசல் படங்களுக்குப் பத்திரமான இடம், அடுத்து பெயர், அதன் பிறகே மென்பொருளின் அமைப்புகள். இந்த வரிசையை மாற்றவேண்டாம். ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

நாம் பயன்படுத்தப்போவது ஜிம்ப். இலவசம், சட்டப்படி உங்களுடையது. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான வேறுபாடுகளை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

• 4 ஜி.பி. ராம் உள்ள கணினி. மதுரையில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் கணினி என்றாலும் போதும். 8 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

• விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஜிம்ப் 3. இது 2025 மார்ச்சில் வந்தது. இன்னும் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினி என்றால் ஜிம்ப் 2.10. இந்த அத்தியாயத்தில் வரும் அமைப்புகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும்.

• வெளியே வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்று, கார்டு ரீடர் ஒன்று.

• யுபிஎஸ். இதை ஆடம்பரம் என்று தள்ளவேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

எச்சரிக்கை: ஜிம்பை அதன் சொந்தத் தளமான ஜிம்ப் டாட் ஆர்க்கில் இருந்து மட்டும் இறக்குங்கள். பூட்டு உடைத்த போட்டோஷாப்பை யாராவது பென் டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். அதோடு வரும் வைரஸ் உங்கள் வாடிக்கையாளர் வீட்டுப் படங்களைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

அசலுக்கு ஓர் இடம்

புதிதாக வருபவர்களில் பலர் படங்களை டெஸ்க்டாப்பில் கொட்டுகிறார்கள். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். நாளைக்குக் கணினி மக்கர் பண்ணி, சர்வீஸ் கடையில் புதிதாக ஓ.எஸ். போட்டால் சி டிரைவ் துடைக்கப்படும். அதோடு இரண்டு கல்யாணமும் ஒரு சடங்கும் போய்விடும்.

1. டி டிரைவைத் திறந்து ‘படங்கள்’ என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். உங்கள் கணினியில் சி மட்டும்தான் இருக்கிறது என்றால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் உருவாக்குங்கள்.

2. அதற்குள் ஆண்டுக்கு ஒரு போல்டர்: 2024, 2025, 2026.

3. ஆண்டுக்குள் வேலைக்கு ஒரு போல்டர். பெயர் இந்த வரிசையில் இருக்கட்டும்: தேதி, ஊர், விசேஷம், வீட்டுப் பெயர்.

4. ஒவ்வொரு வேலைக்குள்ளும் இந்த நான்கு போல்டர்கள்: 1-அசல், 2-தேர்வு, 3-வேலை, 4-அனுப்ப.

ஒரு காதுகுத்து வேலை இப்படி இருக்கும்:

படங்கள்
— 2025
— — 2025-05-18_திருச்சுழி_காதுகுத்து_மேலவீடு
— — — 1-அசல்
— — — 2-தேர்வு
— — — 3-வேலை
— — — 4-அனுப்ப

கணினியில் இவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இங்கே படிக்க வசதியாகத் தமிழில் தந்திருக்கிறேன். விண்டோஸும் ஜிம்பும் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஆனால் லேபிலும் பிளக்ஸ் கடையிலும் உள்ள பழைய மென்பொருள்களில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ மாறிவிடும்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதவேண்டும். 18-05-2025 என்று எழுதினால் கணினி எல்லா மாதத்துப் பதினெட்டாம் தேதிகளையும் ஒன்றாக அடுக்கும். 2025-05-18 என்று எழுதினால் நடந்த வரிசையிலேயே நிற்கும்.

வீட்டுப் பெயர் ஏன்? நம் பக்கம் ஒரே முகூர்த்தத்தில் ஒரே ஊரில் மூன்று விசேஷம் நடக்கும். பிறகு கேட்டு வருபவர்களும் தேதி சொல்லமாட்டார்கள். "நம்ம மேலவீட்டுக் காதுகுத்து" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் வாயில் வரும் சொல் போல்டர் பெயரில் இருந்தால் தேடலில் அகப்பட்டுவிடும்.

குறிப்பு: ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தை இன்றே முடிவு செய்யுங்கள். திருச்சுழியை ‘டி’க்குப் பின் ‘எச்’ போட்டும் போடாமலும், ‘ழி’க்கு ‘எல்’ போட்டும் ‘இசட் எச்’ போட்டும் எழுதுகிறோம். அருப்புக்கோட்டைக்கு ஒரு ‘கே’யா இரண்டு ‘கே’யா என்பதில் அரசு போர்டுகளே ஒத்துப்போவதில்லை. எது சரி என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் அடிக்கடி போகும் பத்துப் பதினைந்து ஊர்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

கார்டிலிருந்து இறக்கும் முறை

விசேஷ வீட்டிலிருந்து களைத்து வருவீர்கள். தவறு நடப்பது அந்த நேரத்தில்தான். அதனால் இந்தப் படிகளை எண் மாறாமல் செய்யுங்கள்.

1. எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டை ‘லாக்’ பக்கம் தள்ளுங்கள். இப்போது கார்டில் எதையும் அழிக்கவோ எழுதவோ முடியாது. பிரவுசிங் சென்டர் கணினியில் போட்டால்கூட வைரஸ் ஏறாது.

2. கார்டு ரீடரில் செருகி, எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து காப்பி செய்யுங்கள். ‘கட்’ வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் கட் செய்த படம் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகலாம்.

3. ‘1-அசல்’ போல்டரில் பேஸ்ட் செய்யுங்கள்.

4. கார்டிலும் போல்டரிலும் எத்தனை படங்கள், மொத்தம் எத்தனை ஜி.பி. என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருக்கவேண்டும்.

5. முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் மூன்றையும் திறந்து பாருங்கள்.

6. அதே போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் காப்பி செய்யுங்கள்.

7. ‘1-அசல்’ மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். ‘ரீட் ஒன்லி’ கட்டத்தில் டிக் வைத்து, உள்ளே உள்ள கோப்புகளுக்கும் சேர்த்துப் பொருந்தும்படி ஓகே கொடுங்கள்.

8. இவ்வளவும் முடிந்த பிறகு கார்டின் பூட்டைத் திறந்து, கேமராவுக்குள் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

ஏழாவது படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அசலின் மேல் தெரியாமல் சேமிப்பதைத் தடுக்கும் கதவு அதுதான்.

கேமராவின் எண்களை நம்பி இரண்டு நாள் படங்களை ஒரே போல்டரில் கொட்டுவது இன்னொரு பெரிய ஆபத்து. பல கேமராக்களில் 9999க்குப் பிறகு எண் மறுபடி 0001இல் தொடங்கும். இரண்டு கேமரா வைத்து எடுத்தாலும் ஒரே எண் இரண்டு படங்களுக்கு இருக்கும். ‘ரீப்ளேஸ் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்கும்போது அவசரத்தில் ஆமாம் என்று அழுத்தினால் தாலி கட்டும் படத்தின் மேல் பந்திப் படம் உட்கார்ந்துவிடும். அப்படிக் கேட்டாலே நிறுத்துங்கள். இரண்டாவது கேமராவுக்கு ‘1-அசல்’ உள்ளேயே தனிப் போல்டர் போடுங்கள்.

வாட்ஸப்பில் வந்த படங்களை அசலோடு கலக்கவேண்டாம். அவற்றின் பெயரில் இருக்கும் தேதி உங்களுக்கு வந்த தேதி, எடுத்த தேதி அல்ல. அளவும் சுருங்கியிருக்கும். வேறு வழியில்லாமல் வாங்கினால், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது சுருங்காது.

படங்களுக்குப் பெயர்

அசலுக்குப் பெயர் மாற்றவேண்டாம். கேமரா கொடுத்த எண்ணோடே இருக்கட்டும். நீங்கள் பொறுக்கி ‘2-தேர்வு’க்குக் காப்பி செய்தவற்றுக்கு மட்டும் பெயர் வையுங்கள். அங்கே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்திப் பெயர் அடித்தால் விண்டோஸ் எண் போட்டுத் தரும். முக்கியமானவற்றுக்குக் கையாலேயே அடியுங்கள்: 2025-05-18_மேலவீடு_007_தாத்தா. எண்ணை 7 என்று எழுதாமல் 007 என்றே எழுதுங்கள். இல்லையென்றால் சில மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து உட்காரும்.

பெயரில் இடைவெளி, காற்புள்ளி, சாய்கோடு எதுவும் வேண்டாம். சிறு கோடும் அடிக்கோடும் போதும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஒரிஜினல் ஃபைனல்’ என்று வைப்பதை அறவே விடுங்கள். திருத்தம் கூடக்கூட ப1, ப2, ப3 என்று போங்கள். பெரிய எண்தான் கடைசி.

வீட்டில் பழைய ஸ்டுடியோப் படங்களை ஸ்கேன் செய்பவர்களுக்கும் இதே முறைதான். 4க்கு 6 அங்குலப் படத்தை 600 பிபிஐயில், டிஃப் வடிவில் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு கோப்பு ஏறக்குறைய 25 எம்.பி. வரும், பரவாயில்லை. படத்தின் பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையோ பேனா எழுத்தோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, அதே எண்ணோடு ‘பின்’ என்று சேர்த்து வையுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் அன்றைக்கே கேட்டு ஒரு நோட்புத்தகத்தில் எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். பெரிய ஆவணக் காப்பகங்கள் செய்வதும் இதையேதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில்களைப் படமெடுத்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறது. தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின் கீழ் எண்மமாக்கியதும் அதே நிறுவனம்தான். அங்கே கோப்பின் பெயரில் இருப்பது திட்ட எண்ணும் வரிசை எண்ணும்தான். விவரமெல்லாம் பட்டியலில். இந்தப் பட்டியலை ஒருநாள் தள்ளிப்போட்டால், சொல்லக்கூடியவர் இல்லாமலே போகலாம்.

ஜிம்ப் அமைப்புகள்: முதலில் நினைவகம்

இப்போது ஜிம்பைத் திறங்கள். எடிட் மெனுவில் கடைசிப் பக்கம் ‘ப்ரிஃபரன்சஸ்’ இருக்கும். உள்ளே இடப்பக்கத்தில் நீளப் பட்டியல் தெரியும். முக்கால்வாசியைத் தொடவேண்டியதில்லை. கீழே சொல்பவற்றை மட்டும் பாருங்கள்.

ஒரு கணக்கு. 10 அடிக்கு 8 அடி பிளக்ஸை 72 பிபிஐயில் போட்டால் 8640க்கு 6912 பிக்சல். ஒரு லேயரே நினைவகத்தில் 230 எம்.பி.க்கு மேல் பிடிக்கும். பின்னணி, படம், மாலை, பெயர், உறவினர் பட்டியல் என்று ஆறு லேயர் வைத்தால் ஏறக்குறைய 1.4 ஜி.பி. நீங்கள் ‘அன்டூ’ செய்வதற்காக ஜிம்ப் ஒதுக்கி வைக்கும் பிரதிகள் தனி. 4 ஜி.பி. கணினி திணறுவது இதனால்தான்.

1. ‘சிஸ்டம் ரிசோர்சஸ்’ பகுதிக்குப் போங்கள்.

2. ‘டைல் கேஷ் சைஸ்’: மொத்த ராமில் பாதிக்கு மேல் போகவேண்டாம். 4 ஜி.பி. என்றால் ஒன்றரை முதல் 2 ஜி.பி., 8 ஜி.பி. என்றால் 4 ஜி.பி. அதிகம் கொடுத்தால் வேகம் கூடும் என்று முழுவதையும் கொடுப்பவர்கள் உண்டு. அப்போது விண்டோஸுக்கு மூச்சு முட்டி எல்லாமே நின்றுவிடும்.

3. ‘மினிமல் நம்பர் ஆஃப் அன்டூ லெவல்ஸ்’: தொடக்கத்தில் 5 என்று இருக்கும். கற்றுக்கொள்பவருக்கு இது போதாது. 20 ஆக்குங்கள். பிளக்ஸ் வேலை செய்யும்போது கணினி மெதுவானால் மறுபடி 10க்குக் குறைத்துக்கொள்ளலாம்.

4. ‘ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ‘ஸ்வாப் ஃபோல்டர்’ என்று ஒன்று இருக்கும். ராம் நிரம்பும்போது ஜிம்ப் இங்கேதான் கொட்டும். நிறைய இடம் உள்ள டிரைவைக் காட்டுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் அதுவே நல்லது. பென் டிரைவைக் காட்டவே கூடாது.

5. ஓகே கொடுத்து ஜிம்பை மூடித் திறங்கள். ஸ்வாப் மாற்றம் அப்போதுதான் நடைமுறைக்கு வரும்.

போட்டோஷாப்பில் இதே வேலைகள் ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘ஸ்க்ராட்ச் டிஸ்க்ஸ்’ என்ற இரண்டு பகுதிகளில் நடக்கும். ‘ஹிஸ்டரி ஸ்டேட்ஸ்’ 50 என்று இருந்தால் அப்படியே விடுங்கள்.

கரண்ட் போகும் ஊரில் சேமிக்கும் பழக்கம்

போட்டோஷாப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக மீட்புப் பிரதி எடுத்து வைக்கும். ‘ஃபைல் ஹேண்ட்லிங்’ பகுதியில் அதை 5 நிமிடமாக்குங்கள். ஜிம்பில் அப்படித் தானாகச் சேமிக்கும் வசதி இல்லை. ஜிம்ப் தானாகச் செயலிழந்தால் வேலையைக் காப்பாற்ற முயலும்; கரண்ட் போனால் அதற்கும் நேரமில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மின்சாரம் போய்ப்போய் வரும் மதியங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

• ஒவ்வொரு லேயர் வேலை முடிந்ததும் கன்ட்ரோல் எஸ். அரைமணிக்கு ஒருமுறை ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ப2, ப3 என்று எண்ணைக் கூட்டுங்கள்.

• யுபிஎஸ் கூவ ஆரம்பித்தால் செய்யவேண்டியது இரண்டுதான்: சேமியுங்கள், கணினியை அணையுங்கள். ‘இந்த ஒரு மாலையை மட்டும் வெட்டி முடித்துவிடலாம்’ என்று உட்காராதீர்கள்.

• ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைப் பிடுங்காதீர்கள். ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்த பிறகே கழற்றுங்கள்.

சேவும் எக்ஸ்போர்ட்டும்

புதியவர்கள் ஜிம்பில் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கன்ட்ரோல் எஸ் கொடுத்தால் ஜிம்ப் தன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக மட்டுமே சேமிக்கும். லேயர், எழுத்து எல்லாம் அதில் பிரிந்தே இருக்கும். நாளைக்கு வந்து "மாமா பேரை விட்டுட்டீங்களே" என்றால் எழுத்தை மட்டும் மாற்றலாம். இந்தக் கோப்புக்கு இடம் ‘3-வேலை’. பெயரின் வாலை ஜேபிஜி என்று மாற்றி அடித்து ஏமாற்ற முடியாது, ஜிம்ப் மறுத்துவிடும்.

லேபுக்கோ வாட்ஸப்புக்கோ அனுப்ப ஜேபிஜி வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், இ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இதுதான் எக்ஸ்போர்ட். இடம் ‘4-அனுப்ப’. அச்சுக்குப் போகிறதென்றால் தரம் 95, மற்றதற்கு 90.

எச்சரிக்கை: ஒரு ஜேபிஜியைத் திறந்து வேலை செய்யும்போது ஃபைல் மெனுவில் ‘ஓவர்ரைட்’ என்று அந்தப் படத்தின் பெயரோடு ஒரு வரி தெரியும். அதைத் தொடாதீர்கள். அசலின் மேலேயே எழுதிவிடும். போட்டோஷாப் இதைவிட ஆபத்து: லேயர் சேர்க்காமல் திருத்தினால் சாதாரண கன்ட்ரோல் எஸ்ஸே அசலை மாற்றிவிடும். எந்த மென்பொருளாக இருந்தாலும் ‘1-அசல்’ போல்டரில் இருந்து நேராகத் திறக்கவேண்டாம். ‘2-தேர்வு’க்குக் காப்பி செய்து அங்கிருந்து திறப்பதே வழக்கமாகட்டும்.

நிறம்: சேலைப் படம் எடுப்பவர்களுக்கு

அருப்புக்கோட்டையில் தறிச் சேலைகளைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களுக்கு வரும் பெரிய புகார் நிறம். படத்தில் மயில்கழுத்து நிறமாகத் தெரிந்தது கையில் வாங்கும்போது வெறும் பச்சையாக இருக்கிறது. சேலை திரும்பி வருகிறது, கூரியர் செலவு உங்கள் தலையில். படம் எடுக்கும் வெளிச்சம் பற்றித் தனி அத்தியாயம் உண்டு. மென்பொருளில் செய்யவேண்டியவை மட்டும் இங்கே.

1. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ‘நைட் லைட்’டை அணையுங்கள். அது எரியும்போது திரை முழுவதும் மஞ்சளடிக்கும். நீங்கள் அதைச் சரிசெய்வதாக நினைத்துப் படத்தை நீலமாக்கிவிடுவீர்கள்.

2. மேற்குப் பார்த்த ஜன்னல் வெயில் மானிட்டரில் விழாதபடி மேசையைத் திருப்புங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, பக்கத்தில் பிடித்த வெள்ளைத்தாளும் திரையின் வெள்ளையும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியுமாறு வையுங்கள்.

3. ஜிம்பின் ‘கலர் மேனேஜ்மென்ட்’ பகுதியில் ‘கலர் மேனேஜ்டு டிஸ்ப்ளே’ தேர்வாகியிருக்கவேண்டும்.

4. அதே பகுதியில், வேறு நிற விவரத்தோடு வரும் படத்தைத் திறக்கும்போது என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில், உள்ளமைந்த எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஐபோன் படங்கள் பெரும்பாலும் வேறு நிறவெளியில் வரும். எஸ்ஆர்ஜிபி என்றால் எந்த போனிலும், எந்த லேபிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும்.

5. ஒவ்வொரு சேலைக்கும் முதல் படத்தில் ஓரமாக ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுங்கள். கோப்பின் பெயரில் சேலை எண்ணைப் போடுங்கள். நிறத்தைச் சொல்லால் எழுதவேண்டாம்; உங்கள் ராமர் பச்சை இன்னொருவருக்குக் கிளிப்பச்சை.

திருத்தும்போது சேலையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முந்தியின் கரையை விரித்துத் திரையோடு ஒட்டிப் பிடித்து, ஊடை நூலின் நிறமும் பாவு நூலின் நிறமும் தனித்தனியே சரியா என்று பாருங்கள். இரண்டு நிற நூல் கலந்த சேலையில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று ஓடும். அப்போது பாவு நூலுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்பது என் அபிப்பிராயம். வாங்குபவர் கண்ணில் முதலில் படுவது உடலின் நிறம், அதில் ஓங்கி நிற்பது பெரும்பாலும் அதுதான்.

இன்னும் சில தேர்வுகள்

‘இன்டர்ஃபேஸ்’ பகுதியில் கறுப்புத் தீமா வெள்ளைத் தீமா என்பது உங்கள் விருப்பம். கருவிகளின் படம் சின்னதாகத் தெரிந்தால் ‘ஐகான் தீம்’ கீழ் அளவைக் கூட்டலாம். ஒரே கட்டத்துக்குள் நான்கு கருவிகள் ஒளிந்திருப்பது குழப்பினால், ‘டூல்பாக்ஸ்’ பகுதியில் ‘யூஸ் டூல் குரூப்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாக் கருவிகளும் வரிசையாக வெளியே வரும். தொடக்கக்காரர்களுக்கு இதுவே நல்லது.

‘இமேஜ் இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்’ பகுதியில் எக்ஸிஃப் விவரங்களை எக்ஸ்போர்ட் செய்யும் டிக்கை எடுத்துவிடச் சொல்வேன். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் வரைபடக் குறியீடுகூட ஒளிந்திருக்கும். சடங்கு வீட்டுப் பெண்பிள்ளைகளின் படம் வெளியே போகும்போது வீட்டு முகவரியும் கூடவே போகக்கூடாது. அசலில் அந்த விவரம் இருக்கட்டும், அனுப்புவதில் வேண்டாம்.

தமிழ் எழுத்துரு

ஜிம்ப் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் காட்டும். பழைய போட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி உடையும், அதனால்தான் பிளக்ஸ் கடைகளில் இன்னும் பழைய வகை எழுத்துருக்கள் ஓடுகின்றன. அவற்றில் அடித்த எழுத்து இன்னொரு கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத ஆங்கிலமாகிவிடும். ஆகவே டி டிரைவில் ‘எழுத்துரு’ என்று ஒரு போல்டர் போட்டு, நீங்கள் பயன்படுத்துபவற்றை அதில் சேருங்கள். ஜிம்பின் ‘ஃபோல்டர்ஸ்’ பகுதியில் ‘ஃபான்ட்ஸ்’ கீழ் அந்தப் போல்டரைக் காட்டினால் போதும். வெளியே அனுப்பும்போது எக்ஸ்சிஎஃப் கொடுக்காமல் எக்ஸ்போர்ட் செய்த படத்தையே கொடுங்கள். பெயர்களை வீட்டாரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு அனுப்புங்கள்.

எல்லாம் காணாமல் போனால்

திடீரென்று கருவிப்பெட்டியும் லேயர் பட்டியலும் மறைந்து படம் மட்டும் நிற்கிறதா? பெரும்பாலும் டேப் விசை தெரியாமல் அழுந்தியிருக்கும். மறுபடி ஒருமுறை அழுத்துங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ஜிம்பின் ‘விண்டோஸ்’ மெனுவில் ‘சிங்கிள் விண்டோ மோட்’ டிக் இருக்கிறதா பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் ப்ரிஃபரன்சஸில் ‘விண்டோ மேனேஜ்மென்ட்’ பகுதிக்குப் போய், சன்னல் இடங்களைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தி, ஜிம்பை மூடித் திறங்கள். பிரஷ் ஒன்றும் வரையவில்லை என்றால் அதன் ஒபாசிட்டி பூஜ்யமாகிக் கிடக்கும், அல்லது எங்கோ ஒரு சின்னத் தேர்வு மிச்சமிருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தித் தேர்வை நீக்குங்கள்.

மூன்று பிரதி, ஒரு சோதனை

ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், மூன்றாவது உங்கள் வீட்டுக்கு வெளியே. மூன்றாவதற்கு மதுரையில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரியும் சரிதான், கூகுள் டிரைவும் சரிதான். கூகுளில் இலவசமாக 15 ஜி.பி. கிடைக்கும், அதில் ‘4-அனுப்ப’ போல்டர்களை மட்டும் ஏற்றுங்கள், அசல் முழுவதும் கொள்ளாது. ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றித் துணிப்பையில் போட்டு, கரிசல் புழுதி புகாத பீரோவில் வையுங்கள். எப்போதும் கணினியோடு மாட்டியே இருந்தால் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது இரண்டும் சேர்ந்து போகும்.

ஜிம்பின் அமைப்புகளுக்கும் ஒரு பிரதி எடுங்கள். விண்டோஸ் தேடல் கட்டத்தில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, சதவீதக் குறி என்று அடித்து என்டர் தட்டினால் ஒரு போல்டர் திறக்கும். அதற்குள் ஜிம்ப் என்ற போல்டர் இருக்கும். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். புது ஓ.எஸ். போட்டபின் அதே ஜிம்ப் பதிப்பை நிறுவி இதை அதே இடத்தில் வைத்தால், இன்று செய்த அமைப்புகள் திரும்பிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. ‘2-தேர்வு’ல் இருந்து ஒரு படத்தைத் திறந்து, ஓரத்தை வெட்டி, ‘3-வேலை’யில் சேமித்து, ‘4-அனுப்ப’க்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜிம்பை மூடுங்கள். ‘1-அசல்’ போல்டரைத் திறந்து, அதே படத்தின் ‘டேட் மாடிஃபைட்’ தேதி விசேஷ நாளாகவே இருக்கிறதா பாருங்கள். இன்றைய தேதி காட்டினால் எங்கோ அசலைத் தொட்டிருக்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க் பிரதியிலிருந்து அந்தப் படத்தைத் திரும்ப எடுத்து வைத்து, ரீட் ஒன்லி டிக்கைச் சரிபார்த்துவிட்டு, சோதனையை மறுபடி செய்யுங்கள்.